திருப்பிக் கொடுக்க வேண்டிய பாத்திரங்கள்

வந்து ஒரு மாதம்.
குசினியில் ஒன்பது பாத்திரங்கள் சேர்ந்துவிட்டன.
ஒன்றும் என்னுடையதில்லை.

பேர்ண் நகரில் முப்பத்தொரு வருசம்
இன்னொருவனின் குசினியில் நின்றவன் நான்.
உருளைக்கிழங்கு சீவினேன், வெண்ணெய் உருக்கினேன்,
இரவு பன்னிரண்டுக்கு நிலம் கழுவினேன்.
பென்சன் எடுத்த நாளில் முதலாளி
நல்ல கத்தி ஒன்று தந்து கைகுலுக்கினான்.

பிறந்த தீவில் இப்போது எனக்குக் கிணறுகூட இல்லை.
பாலிநகரில் இந்த அரை ஏக்கரைக் காட்டியவன்
மல்லாவியில் உரக்கடை வைத்திருக்கிறான்.
"குளத்துக்குக் கிட்ட, ஐயா. யானை வரும்தான்,
ஆனால் நேரத்துக்கு வரும்."
விசாப் படிவத்தில் 'வெளிநாட்டவர்' என்ற கட்டத்துக்குக் கீழே
தமிழில் கையெழுத்து வைத்தேன்.
அலுவலர் நிமிர்ந்து பார்த்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.

முதல் நாள் யோகமலர் வந்தா.
விரால் குழம்பு, சட்டிக்கு மேலே வாழையிலைத் துண்டு.
அடுத்த நாள் குலவீரசிங்கத்தின் மகன், சைக்கிளில்,
முட்டி நிறைய எருமைத்தயிர்;
விழாது என்று கவிழ்த்தே காட்டினான்.
முசுட்டை வறை. குரக்கன் பிட்டு.
ஒரு இரவு, நாய்கள் குரைத்து ஓய்ந்த பிறகு,
மூடிய பேணிக்குள் வத்தல்.
"என்ன இறைச்சி?"
"இறைச்சி."
ஆனி பிறக்கப் பாலைப்பழம், ஓலைப்பெட்டியோடு.
பாலில் உதடு ஒட்டிக்கொண்ட நேரம் பார்த்து
சூரிச்சிலிருந்து மகள் எடுத்தாள்.
சீனி எவ்வளவு என்று கேட்டாள்.
ம், ம், என்றேன்.

சாப்பிட்டேன். கழுவினேன். அடுக்கினேன்.
வெறும் பாத்திரம் திருப்பக் கூடாதென்று தெரியும்.
எதைப் போட்டுத் திருப்புவதென்று தெரியவில்லை.
கொண்டு வந்த சொக்கலேட்
மாங்குளம் தாண்ட முன்னரே குழம்பாகிவிட்டது.
காசு வைக்கலாமா என்று உரக்கடைக்காரனைக் கேட்டேன்.
"வையுங்கோ. பிறகு ஒருத்தரும்
சட்டி கொண்டு வர மாட்டினம்."

அடியில் வெட்டிய பெயர்களை வாசித்தேன்.
யோ. ம. சரி.
கு. வீ. சரி.
பவளராணி தந்த தூக்குச்சட்டியில் மட்டும்
தையல்முத்து வினாசித்தம்பி, 1974.
அப்படி ஒருத்தரும் இந்த ஒழுங்கையில் இல்லை.

வேலிக்கு மேலால் கேட்டேன்.
"அது என்ர இல்லை, அண்ணை.
நாங்கள் திரும்பி வந்த வருசம் வளவு கொத்தேக்கை
மண்ணுக்குள்ள கிடந்தது.
நெளிஞ்சிருந்தது, தட்டி எடுத்தன்.
எந்த ஊரோ. இருக்கிறாவோ என்னவோ."
கொடியில் இன்னொரு சேலையை விரித்தா.
"அதையும் வெறுமையாத் தராதேங்கோ."

மரவள்ளி நாலு கிழங்கு பிடுங்கினேன்.
முதலாளியின் கத்தியால் தோல் சீவி,
துருவி, துணியில் பிழிந்து,
எருமைநெய்யில் தட்டையாகப் பரப்பி,
ஒரு பக்கம் சிவக்கும் வரை தொடாமல் நின்றேன்.
தொடாமல் நிற்பதுதான்
முப்பத்தொரு வருசத்தில் நான் படித்த வித்தை.
இரண்டு உடைந்தன.
கருகியதை நான் தின்றேன்.

வெயில் சாயப் பாத்திரங்களோடு இறங்கினேன்.
"இது ரொட்டியோ, வடையோ?"
"இரண்டுமில்லை."
யோகமலர் படலையடியில் நின்றபடியே ஒரு துண்டு கிள்ளி
வாயில் போட்டு, வானத்தைப் பார்த்து மென்று,
"உப்புக் காணாது" என்றா.
இன்னொரு துண்டு கிள்ளினா.
சூரிச்சில் இருக்கிற மருத்துவருக்கு
இதை யார் சொல்வது?

பவளராணி தன் பங்கைக் கோப்பையில் கொட்டிவிட்டு
தூக்குச்சட்டிக்குள் வெண்டிக்காய் நிரப்பி
சின்னவளிடம் கொடுத்தா.
"மாமி வீட்டை குடுத்திட்டு வா. ஓடாதை."
பள்ளம் விழுந்த பக்கம் வெளியே தெரிய
அது ஒழுங்கையில் ஆடி ஆடிப் போனது.

இப்போது குசினி வெறுமையாக இருக்கிறது.
நெய்மணம்.
மாத்திரைப் பெட்டியில் நேற்றைய மூடி திறக்கப்படவில்லை.
உப்புப் போத்தலை அடுப்புக்குக் கிட்ட
நகர்த்தி வைத்தேன்.
படலையில் யாரோ.